தோப்புக்குள் ஒரு வீடு: மூன்று வரைபடங்களும் ஒரு மாமரமும்

தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணிக்கும் கடற்கரைக்கும் நடுவில் அக்காவுக்கும் அத்தானுக்கும் 30 சென்ட் நிலம் இருக்கிறது. முன்பு அது நல்ல தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அன்று விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, இருபதுக்கும் மேல் நின்ற தென்னைகளில் ஒன்பதுதான் மிஞ்சின. அவற்றோடு மேற்கு ஓரத்தில் ஒரு மாமரமும், வடமேற்கு மூலையில் ஒரு பூவரசும், உறை இறக்கிய பழைய கிணறும் தப்பித்தன. அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகும் அத்தான் அங்கேயே வீடு கட்டி, 76 வயதான எங்கள் அம்மாவையும் உடன் வைத்துக்கொள்வதாக இருக்கிறார்.

அவர்கள் கையில் மூன்று வரைபடங்கள் இருந்தன. அந்தப் பக்கத்துப் பொறியாளர் ஒருவர் போட்டுத் தந்தது முதல் வரைபடம். மொத்த நிலத்தையும் மூன்றடி மண் கொட்டி உயர்த்துவது, காங்கிரீட் தூண்கள் எழுப்பிச் செங்கல் சுவர் வைப்பது, மேலே தட்டையான தளம் போடுவது, மூன்று படுக்கையறைக்கும் ஏசி வைப்பது என்பது அதன் திட்டம். மாமரம் நிற்கும் இடத்தில் கார் நிறுத்துமிடம் வரைந்திருந்தது. இரண்டாவது, அத்தானின் நண்பர் ஒருவர் கேரளத்தில் பார்த்துவிட்டு வரைந்து கொடுத்த ஓட்டு வீடு. சரிந்த மங்களூர் ஓட்டுக் கூரை, நான்கு புறமும் தாழ்வாரம், ஆளுயர ஜன்னல்கள். மூன்றாவது அத்தானின் நெடுநாள் ஆசை. நடுவில் முற்றம், சுற்றிலும் தடித்த சுவர், ஆத்தங்குடி தரை என்று செட்டிநாட்டுச் சாயலில் ஒன்று.

"தம்பி, மூன்றும் அழகாகத்தான் இருக்கின்றன. எதைக் கட்டுவது?" என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்வியோடு நான்கு மாதம் அலைந்து, பார்த்து, மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தோப்பிலோ வயலோரத்திலோ வீடு கட்ட நினைக்கும் மற்றவர்களுக்கும் இது உதவட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீடும் முற்ற வீடும் வெறும் பாணிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மண்ணில், ஒரு குறிப்பிட்ட மழைக்கும் காற்றுக்கும் பதிலாக உருவானது. அதைப் பிறந்த இடத்திலிருந்து பெயர்த்து வந்து வைக்கும்போது, அது எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததோ அந்தக் கேள்வி நம் நிலத்திலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்ப மண்டலம் என்ற ஒரே சொல்லுக்குள் திருவனந்தபுரமும் காரைக்குடியும் கொழும்பும் பேராவூரணியும் அடங்கிவிடும். ஆனால் கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை, அதுவும் இரண்டு பருவங்களாகப் பிரிந்து பெய்கிறது. எங்கள் பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான்.

காற்று எங்கிருந்து வருகிறது

சித்திரை மாதத்தில் மூன்று நாள் அந்த நிலத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தங்கினேன். வீடு வரப்போகும் இடத்தின் நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, கிழிந்த வேட்டித் துணியை நீளமாகக் கட்டிவிட்டேன். காலை பத்து மணி வரை துணிகள் செத்துத் தொங்கின. பதினொன்றைத் தாண்டியதும் லேசாக அசைந்தன. ஒரு மணிக்குள் நான்கு துணியும் ஒன்றுபோல வடமேற்கு நோக்கி நீட்டி நின்றன. தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறிவிட்டது. சேதுபாவாசத்திரம் பக்கத்தில் கடல் நமக்குத் தென்கிழக்கே இருப்பதால் அப்படித்தான் வரும். நாகப்பட்டினத்தில் அதே கடற்காற்று நேர்கிழக்கிலிருந்து வரும். இரவு எட்டு மணிக்குப் பிறகு துணிகள் மறுபடியும் தொங்கிவிட்டன.

வீட்டின் பாதி வரைபடம் அந்தத் துணியிலேயே இருக்கிறது. பகலில் காற்று தென்கிழக்கிலிருந்து நுழைந்து வடமேற்கில் வெளியேற வேண்டும். உட்கார்ந்திருக்கும் இடம், அம்மாவின் கட்டில், சாப்பாட்டு மேசை எல்லாம் அந்த வழியில் இருக்க வேண்டும். முதல் வரைபடத்தில் தென்கிழக்கு மூலையில் சமையலறையும், அதை ஒட்டிக் குளியலறையும் இருந்தன. அக்னி மூலையில் அடுப்பு வைப்பது வழக்கம் என்று அக்கா சொன்னாள். சமையலறை அங்கேயே இருக்கட்டும், அதைச் சிறிதாக்கிக் கிழக்குச் சுவரை ஒட்டி ஒதுக்கிக்கொள்வோம், தெற்குப் பக்கம் முழுவதையும் காற்றுக்கு விட்டுவிடுவோம் என்றேன். அக்கா ஒப்புக்கொண்டாள். நம்பிக்கைக்கும் காற்றுக்கும் சண்டை மூட்டத் தேவையில்லை. பெரும்பாலும் நான்கடி நகர்த்தினால் இரண்டுக்கும் இடம் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்தது. காற்றை வரவிடுவது தென்னை, வெயிலை மறைப்பது மாமரம். உயர்ந்த தென்னைக்குக் கீழே அடிமரம் மட்டும்தான் நிற்கிறது, இலை இல்லை. காற்று தடையில்லாமல் அதற்குள் புகுந்து வருகிறது, ஆனால் நிழல் துண்டு துண்டாகத்தான் விழுகிறது. மாமரம் சுவர் மாதிரி. அதன் நிழலில் பிற்பகல் மூன்று மணிக்கும் மண் குளிர்ந்திருந்தது. ஆக, தென்கிழக்கில் தென்னைகள், மேற்கில் மாமரம் என்று அந்த நிலம் தானாகவே சரியாக அமைந்திருக்கிறது. அந்த மாமரத்தைத்தான் முதல் வரைபடம் வெட்டச் சொன்னது.

கூரை: இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது

சுவரைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். ஆனால் நம் ஊரில் வெயில் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்துதான் இறங்குகிறது. பேராவூரணி இருக்கும் அட்சரேகையில் சித்திரை தொடக்கத்திலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஒற்றை மாடி வீட்டில் வெக்கையைக் கொண்டுவருவது முதலில் கூரை, பிறகு மேற்குச் சுவர், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அக்கா இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டில் தட்டையான காங்கிரீட் தளம். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெந்நீர்ப் பானையை வெளியே தொட்ட மாதிரி இருந்தது. வெளியே தெருவில் காற்று குளிர்ந்துவிட்டது, அம்மாவின் தலைக்கு மேல் அடுப்பு இன்னும் அணையவில்லை. பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தளம் இரவில் கீழே விடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது.

ஓட்டுக் கூரை இதற்கு நேரெதிர். ஓடு மெல்லியது, பகலில் சீக்கிரம் சுடும், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். ஓட்டுக்கு ஓடு இடையே இருக்கும் இடுக்குகள் வழியாகவே சூடான காற்று மேலே கசிந்து போகும். இரவில் காற்று அடங்கிவிடும் எங்கள் நிலத்துக்கு இந்தக் குணம் மிகவும் தேவை. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, அந்த ஓடு மேற்குக் கடற்கரை முழுவதும் பரவியதற்கு அங்கே பெய்யும் மழையும் ஒரு காரணம். சரிந்த கூரை தண்ணீரை ஒரு கணம்கூட நிற்கவிடாது. சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பான இறவாணம் சுவரை நனையவிடாது. பகலில் ஓட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் தலை காயும் என்பது உண்மை. அதற்கு ஓட்டுக்கு அடியில் இன்னொரு வரிசை தட்டோடு பதிப்பதுண்டு. இரண்டு ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் காற்றுதான் தடுப்பு. பூனையும் எலியும் ஓட்டை நகர்த்தும், தென்னை மட்டை விழுந்தால் உடையும். இதெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை ஆளை ஏற்றிச் சரிசெய்யக் கூடியவைதான்.

சரிசெய்ய முடியாதது புயல். கேரளக் கரையில் அந்த வீடு உருவானபோது அது எதிர்கொண்டது தென்மேற்குப் பருவமழையை. வங்கக் கடலில் கார்த்திகையில் கிளம்பும் புயல் வேறு. கஜா வந்த இரவில், எங்கள் பக்கத்தில் காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்து, சற்று நேரம் அடங்கி, பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடித்ததாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். புயலின் மையம் அருகில் கடந்துபோகும் இடங்களில் அப்படித்தான் நடக்கும். எந்தத் திசைக்கு முதுகைக் காட்டினாலும் இன்னொரு திசையில் நெஞ்சைக் காட்டியாக வேண்டும். அகலமான இறவாணத்தின் அடியில் காற்று புகுந்தால் கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும். ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் போன வீடுகளைப் பிறகு நான் நிறையப் பார்த்தேன். தளம் போட்ட வீட்டில் ஜன்னல் போயிருந்தது, மரம் விழுந்து கைப்பிடிச் சுவர் உடைந்திருந்தது, ஆனால் உள்ளே இருந்தவர்கள் விடியும் வரை பத்திரமாக இருந்தார்கள். சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களும் அந்த வீடுகளில்தான் ஒதுங்கின.

அதனால் முழுக்க ஓட்டு வீடு என்பதை நான் ஆதரிக்கவில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அம்மாவை அதன் கீழே கார்த்திகை மாதத்தில் படுக்கவைக்க எனக்கு மனம் வராது.

நாங்கள் முடிவு செய்தது இரண்டும் சேர்ந்த ஒன்று. இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை, நடுக்கூடம் ஆகியவை ஒரு கட்டுக்கோப்பான காங்கிரீட் தளத்தின் கீழ். தெற்கிலும் கிழக்கிலும் எட்டடி அகலத் தாழ்வாரம், அதற்கு மட்டும் ஓட்டுக் கூரை. முக்கியமான விஷயம் இதுதான். தாழ்வாரத்தின் கூரை வீட்டுத் தளத்தின் நீட்சியாக இருக்கக் கூடாது. அதற்குத் தனித் தூண், தனிச் சட்டம். புயல் அதைப் பிய்த்தால் அது மட்டும் போகும், வீட்டுக் கூரையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகாது. ஓடுகளைக் கம்பி போட்டு, அவற்றைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரோடு கட்டிவிட வேண்டும், முகட்டு ஓட்டையும் ஓர ஓட்டையும் கலவையில் பதித்துவிட வேண்டும்.

இனி அந்தத் தளத்தின் சூட்டுக்கு என்ன செய்வது? இதற்குப் பல வழிகள் உண்டு, பெரும்பாலானவை பழையவை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை ஒன்று: தளம் வார்க்கும்போது கம்பிகளுக்கு இடையே இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்துவிடுவது. தளத்தின் கீழ்ப்பாதியில் காங்கிரீட் அதிக வேலை செய்வதில்லை, கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது. அந்த இடத்தை ஓடு அடைத்துக்கொண்டால் சிமென்ட் மிச்சம், எடை குறைவு, ஓட்டுக்குள் அடைபட்ட காற்று சூட்டையும் ஓரளவு தடுக்கும். ஆனால் கம்பி கட்டுபவர் பழகியிருக்க வேண்டும். ஓடு நகர்ந்து கம்பியை உரசிவிட்டால், கடற்காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். எங்கள் மேஸ்திரி முதலில் ஆறடிக்கு ஆறடி மாதிரித் தளம் ஒன்றைக் கிணற்றடித் தொட்டிக்கு மூடியாக வார்த்துப் பார்க்கிறேன் என்றார். அவரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த 'சுருக்கி' என்ற கலவையைப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது நம் ஊர் வழக்கம். சுருக்கிக்கு அடியில் சிறு மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்குவதும் உண்டு. கடைசியில் வெள்ளைச் சுண்ணாம்பு. ஒவ்வொரு பங்குனியிலும் மொட்டைமாடிக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடிப்பது மிக மலிவான வேலை, செலவழித்த காசுக்கு இவ்வளவு குளிர்ச்சி தரும் வேறொன்றை நான் பார்க்கவில்லை. பங்குனி முதல் ஆனி வரை அதன் மேல் கீற்றுப் பந்தல் போட்டால் இன்னும் நல்லது. தோப்பில் கீற்றுக்குப் பஞ்சமில்லை, மழைக்காலத்துக்கு முன்பே பிரித்துவிடலாம்.

சுவரும் ஜன்னலும்

சுவருக்கு மூன்று யோசனைகள் இருந்தன. சூளைச் செங்கல், அந்த நிலத்து மண்ணிலேயே அழுத்திச் செய்யும் மண் கல், தஞ்சை மாவட்டத்தின் மேட்டுப் பகுதிகளில் கிடைக்கும் செம்புராங்கல். கடைசியானதற்கு ஆகும் காசை வண்டிக் கூலியே விழுங்கிவிடும் என்பதால் சீக்கிரமே விட்டுவிட்டோம்.

மண் கல்லின் மேல் எனக்கு ஆசை இருந்தது. ஆரோவில்லில் பல ஆண்டுகளாக இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மண்ணோடு ஏறத்தாழ ஐந்து சதவீதம் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல், நிழலில் வைத்து 28 நாள் ஈரம் காத்தால் கல் தயார். விறகு எரிப்பதில்லை, லாரி ஓடுவதில்லை. மேஸ்திரி ஒரு கண்ணாடிக் குடுவையில் கால் பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கித் திண்ணையில் வைத்தார். "நாளைக்குப் பாருங்கள் தம்பி" என்றார். மறுநாள் அடியில் மணல் ஒரு கோடாகவும், அதன் மேல் வண்டல் ஒரு கோடாகவும், உச்சியில் களி மெல்லிய பழுப்புப் படலமாகவும் படிந்திருந்தன. மணல்தான் மிகுதி, களி போதவில்லை. வேறு இடத்திலிருந்து களிமண் கொண்டுவந்து கலக்க வேண்டும், எந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும், பழகிய ஆட்களை வெளியூரிலிருந்து அழைத்து வர வேண்டும். நிலத்து மண்ணிலேயே வீடு என்பதுதான் இந்த முறையின் உயிர், அது இங்கே இல்லை. செம்மண் நிலம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய வழி இது. எங்களுக்குச் சூளைச் செங்கல்தான் என்று முடிந்தது.

செங்கல்லிலேயே சிக்கனம் செய்யலாம். கல்லைப் படுக்கவைக்காமல் குத்துவாக்கில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவில் பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. உள்ளே இருக்கும் காற்று வெயிலைத் தடுக்கிறது. மேற்குச் சுவருக்கு இது மிகவும் பொருத்தம். கொத்தனார் சரியாகத் தூக்குக்குண்டு பிடித்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஜன்னல்களை எங்கே வைப்பது என்பதில் ஒரு எளிய கணக்கு எனக்குப் பெரிதும் உதவியது. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே நன்றாகச் சாயும்போதுகூட, தெற்கு ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு இருந்தால் அதன் நிழல் சுவரில் ஏறத்தாழ மூன்றடி இறங்கும். ஆனியில் சூரியன் வடக்கே சாய்வது மிகக் கொஞ்சம், வடக்கு ஜன்னல் முழுவதும் நிழலில் இருக்கும். அதே இரண்டடி சன்ஷேடு மேற்கு ஜன்னலுக்கு மேலே இருந்தால், வைகாசியில் மாலை நான்கு மணிக்கு அதன் நிழல் ஒன்றரை அடிகூடத் தேறாது. மீதி வெயில் நேராகக் கட்டிலில் விழும். சன்ஷேடால் மேற்கு வெயிலைத் தடுக்க முடியாது. மரம் தடுக்கும், தாழ்வாரம் தடுக்கும், ஜன்னலே இல்லாத சுவர் தடுக்கும். அதனால் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி ஆகிய மூன்றையும் மேற்கில் வரிசையாகத் தள்ளிவிட்டோம். அவற்றுக்கும் அப்பால் மாமரம் நிற்கிறது.

செங்கல்லுக்கு இடையே ஓட்டை விட்டு அடுக்கும் பேக்கரின் ஜாலிச் சுவர்கள் பலருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் படங்களில் அந்த ஓட்டைகளின் வழியே விழும் ஒளியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் பக்கத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஜாலி வைத்தால் ஐப்பசி மழை சாரலாகப் படுக்கை வரை வரும். ஆகவே ஜாலியைத் தெற்குத் தாழ்வாரத்தின் ஒரு முனையிலும், வடமேற்கில் துணி துவைக்கும் இடத்திலும் மட்டும் வைக்கிறோம். அறைகளுக்கு மரச்சட்டம் போட்ட, இறுக்கி மூடக் கூடிய கதவுள்ள ஜன்னல்கள். காற்று வேண்டும் நாளில் முழுக்கத் திறக்கவும், புயல் நாளில் முழுக்க அடைக்கவும் வழி இருக்க வேண்டும்.

முற்றம் வேண்டுமா

இதில்தான் அத்தானோடு அதிகம் வாதாடினேன். சிறுவயதில் காரைக்குடியில் உறவினர் வீட்டு முற்றத்தில் மழை விழுவதைப் பார்த்தபடி அவர் சாப்பிட்டிருக்கிறார். அந்த நினைவை ஒரு வாதத்தால் வெல்ல முடியாது, வெல்லவும் கூடாது. ஆனாலும் சொன்னேன். "அத்தான், அந்த வீடுகள் தெருவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. முன்னால் ஒரு தெரு, பின்னால் ஒரு தெரு, பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வர வேண்டும். அதனால் வானத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு நான்கு பக்கமும் தோப்பு இருக்கிறதே!"

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் இரண்டு வேலைகள் இதை நன்றாக விளக்கும். 1960-களின் தொடக்கத்தில் கொழும்பு நகரத்து மனையில் ஏனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீடு, மதில்களுக்குள் ஒடுங்கி நடுவில் முற்றத்தைச் சுற்றி அமைந்தது. பென்தோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் அவர் தமக்காகப் பல பத்தாண்டுகள் செதுக்கிய லுனுகங்கவில் தோட்டம்தான் பெரிது, கட்டடங்கள் அதற்குள் அடங்கிப் போகின்றன. நகரத்தில் வெட்டவெளியை வீடு சூழ்ந்தது, நாட்டுப்புறத்தில் வெட்டவெளி வீட்டைச் சூழ்ந்தது. எங்கள் நிலம் இரண்டாவது வகை.

அதோடு முற்றம் வைத்தால் வீடு அகலமாகும். தென்கிழக்குக் காற்று ஒரே அறையைத் தாண்டி வெளியேறும் ஒல்லியான வீடுதான் இங்கே தேவை. நடுவில் முற்றம் வந்தால் பின்வரிசை அறைகளுக்குக் காற்று தேய்ந்துதான் போய்ச் சேரும். கம்பி வலை, வடிகால், கொசு, தென்னஞ்சருகு அள்ளுவது எல்லாம் கூடுதல். அத்தான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "மாமரத்தடியில் திண்ணை போட்டுவிடு, மழை வந்தால் தாழ்வாரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஓட்டுத் தாழ்வாரத்தின் இறவாணத்திலிருந்து மழை கயிறு கயிறாக விழுவதை அவர் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். ஆத்தங்குடி கல்லையும் கூடத்தில் போடுகிறோம். மற்ற அறைகளில் சிவப்பு ஆக்சைடு தரை, குளியலறையில் அம்மாவுக்கு வழுக்காத சொரசொரப்புக் கல்.

மண்ணை உயர்த்துவதா, வீட்டை உயர்த்துவதா

முதல் வரைபடத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்த இடம்தான். 30 சென்ட் நிலத்தையும் மூன்றடி உயர்த்த ஏறத்தாழ 39,000 கன அடி மண் வேண்டும், அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 390 யூனிட். அந்த மண் ஏதோ ஒரு ஏரியிலிருந்தோ மேட்டிலிருந்தோ வெட்டி வர வேண்டும். நம் நிலம் உயர்ந்தால் மழைத் தண்ணீர் பக்கத்து நிலத்துக்குப் போகும். மாமரத்தை வெட்டாமல் விட்டாலும், அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண் ஏறினால் மேலாக ஓடும் வேர்களுக்குக் காற்று கிடைக்காமல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுப்போகலாம். வெள்ளத்துக்குப் பயந்துதான் இந்த யோசனை என்பது புரிகிறது. அந்தப் பயத்துக்குப் பழைய வீடுகளே வழி காட்டுகின்றன. நிலத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டின் அடித்தளத்தை மட்டும் மூன்றடி உயர்த்தி, ஏறிப்போகப் படி வைத்தார்கள். அம்மாவுக்காகப் படியோடு ஒரு சாய்தளமும் வைக்கிறோம்.

கூரையிலிருந்து வரும் தண்ணீரையும் கணக்கிட்டோம். 1,200 சதுர அடிக் கூரையில் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,11,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். இந்தக் கரையோரத்தில் கட்டாயம் இல்லாவிட்டாலும் செய்தாக வேண்டும். நன்னீர் இறங்காத இடத்தில் உப்பு நீர் ஏறும். பழைய கிணற்றுக்கே மணல், ஜல்லி வடிகட்டி வழியாகத் தண்ணீரை இறக்குகிறோம், கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றிலிருந்து எதிர்மூலைக்குத் தள்ளிவிட்டோம்.

ஏசி பற்றி ஒரு வார்த்தை. அம்மாவின் அறைக்கு ஒன்று வைக்கிறோம். வைகாசியில் காற்றே இல்லாத, வேர்வை காயாத இரவுகள் வரும். அந்த வயதில் அதைத் தாங்கச் சொல்வது நியாயமில்லை. அந்த ஓர் அறையை மட்டும் இறுக்கி மூடும்படி கட்டுகிறோம். மற்ற அறைகள் திறந்தே இருக்கும்.

மரங்களில் இரண்டு தென்னையை எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஒன்று வீட்டின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. இன்னொன்றின் குலை நேராகத் தாழ்வாரத்து ஓட்டுக்கு மேலே வரும். அவற்றுக்குப் பதிலாக வடக்கு வேலியோரம் பூவரசங்கொம்புகளை ஊன்றுகிறோம். மேற்கில் மாமரத்துக்குத் துணையாக ஒரு புங்கன். வெயில் ஏறும் நேரத்தில் பழைய இலையை உதிர்த்துப் புதிதாகத் தழைத்துவிடும் மரம் அது.

போன வெள்ளிக்கிழமை மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியால் வீட்டின் கோடுகளைப் போட்டார். மேற்குச் சுவர் மாமரத்தின் வேருக்கு மிக அருகில் வந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடய்யா, அது நிறையக் காய்க்கும்" என்றார். மேஸ்திரி மறுபேச்சில்லாமல் மூலைக் குச்சிகளைப் பிடுங்கி, நான்கடி கிழக்கே ஊன்றி, நூலை மறுபடி இழுத்துக் கட்டினார்.